ஆறு கம்பிகளும் ஒரு ரசமட்டமும்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், என் மகளின் இடது கை விரல்கள் நான்கு நீங்கலாக. அங்கே விரல்கள் உட்பட எல்லாம் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

அவள் பிறந்தநாளுக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்த எலக்ட்ரிக் கிட்டாரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அது வந்த அன்று, "படிக்கிற பிள்ளைக்கு இது எதுக்கு?" என்று நான் குதித்தது உண்மை. அந்தப் பேச்சை இன்னும் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் இப்போது அவள் அதை உறையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, "மாமாகிட்டயே திருப்பிக் குடுத்திடலாம்ப்பா, எனக்கு வராது" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் நீங்கள் வந்து சரிசெய்யாவிட்டால் கிட்டார் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

நடந்தது இதுதான். கம்பிகள் கழுத்துக் கட்டையிலிருந்து ரொம்ப உயரத்தில் நின்றன. அழுத்தி அழுத்தி அவள் விரல் நுனியெல்லாம் சிவந்துபோனது. அவளுடைய கிட்டார் வாத்தியார் போனில், "பன்னிரண்டாவது ஃப்ரெட்டுல கம்பி நாலு மில்லி தூக்கி நிக்குது. ரெண்டுக்கு இறக்கினா வலிக்காது. கடையில குடுங்க" என்றார். ஃப்ரெட் என்பது கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டை. கடையில் எதற்குக் கொடுக்க வேண்டும்? இருபத்தெட்டு வருடமாக டைல்ஸ் பதிக்கிறவன் நான். இரண்டு மில்லி என்பதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இரண்டு டைல்ஸுக்கு நடுவில் இடைவெளிக்காக வைக்கும் பிளாஸ்டிக் வில்லை என் பையில் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. ஒவ்வொன்றும் சரியாக இரண்டு மில்லி.

முதலில் வேலைக்கு வசதியாக ஆறு கம்பிகளையும் தளர்த்தினேன். கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பிக்கும் இருக்கும் குட்டித் திருகுகளைத் திருகி, வில்லையை வைத்துப் பார்த்து, கனகச்சிதமாக இறக்கினேன். பிறகு கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்தால், அந்த இழுப்பில் கழுத்தே வளைந்து, கம்பிகள் மறுபடி எழுந்து நின்றன. சுருதி சேர்த்த பிறகுதான் அளக்க வேண்டுமாம். இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம் என்றேன். "வாத்தியார் சொல்ல வந்தாரே, நீங்கதான் எல்லாம் எனக்குத் தெரியும்னு போனை வெச்சுட்டீங்க" என்றாள் உங்கள் அக்கா. உங்கள் அக்காவுக்கு ஞாபகசக்தி அதிகம்.

இரண்டாவது முறை சுருதியோடு இறக்கினேன். கிட்டாரை மேசையில் கிடத்தி, கம்பிகளின் மேல் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை ஆறையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். தரையாக இருந்தால் கோலி வைத்தால் உருளாது, அப்படி ஒரு மட்டம். மகள் மீட்டினாள். நடுக் கம்பிகள் டப்பாவில் மாட்டிய ஈ போல இரைந்தன. ஓரக் கம்பிகள் எட்டாத உயரத்தில் நின்றன. என்னவென்று குனிந்து பார்த்தால், கட்டையே நடுவில் லேசாக மேடு, ஓரங்களில் சரிவு! செய்தவன் எவனோ கவனமில்லாமல் விட்டிருக்கிறான் என்று, மேட்டைத் தேய்த்துச் சமன்செய்ய, கல் தேய்க்கும் மெஷினை எடுத்து பிளக்கைச் செருகினேன். உங்கள் அக்கா ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். "கட்டை அப்படித்தான்ப்பா இருக்கும். அந்த வளைவுக்குத் தகுந்த மாதிரி கம்பியும் போகணும்" என்றாள் மகள். மேட்டை மேடாகவே விடு என்று இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் சொன்னதில்லை, மாப்பிள்ளை.

மூன்றாவது முறை வளைவைப் பார்த்துப் பார்த்து ஏற்றி இறக்கினேன். இரைச்சல் நின்றது. நானே அழுத்திப் பார்த்தேன். வலி என்பதே இல்லை. அவள் அழுத்தியதும் "ஆ!" என்று கையை உதறினாள். "எனக்கு வலிக்கவே இல்லையே, சும்மா செல்லம் கொஞ்சாத" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவள் என் கையை இழுத்து விரல் நுனிகளைத் தடவிப் பார்த்தாள். சிமெண்டிலும் கல்லிலும் காய்த்துப்போன கை. "அப்பா, இதுல ஊசியால குத்தினாக்கூட உங்களுக்குத் தெரியாது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதன்பிறகுதான் கிட்டார் உறைக்குள் போனது.

நாலு நாளாக வீட்டில் சத்தமே இல்லை. வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது அந்த டொய்ங் டொய்ங் காதில் விழுந்தால்தான் எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும் என்பது இப்போதுதான் தெரிகிறது. இதை உங்கள் அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள். எப்படியாவது வந்துவிடுங்கள், மாப்பிள்ளை. அவள் இதை விட்டுவிடக் கூடாது.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி, உங்களுக்கு இரண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் கணவர்

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் மகள் வாத்தியாரைப் போனில் வைத்துக்கொண்டு, திருகுகளைக் கால் சுற்று கால் சுற்றாகத் தானே இறக்கி, தன் விரலாலேயே சோதித்து, வேலையை முடித்துவிட்டாள். நேற்று மாலை தொடங்கியவள் ஒரே மெட்டை இதுவரை அறுபத்து மூன்று முறை வாசித்திருக்கிறாள், எண்ணியது நான். ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் கட்டாயம் வாருங்கள். அவள் அசந்த நேரம் பார்த்துக் கம்பிகளைப் பழையபடி நாலு மில்லிக்கு ஏற்றிவிட்டுப் போங்கள். மேல் வீட்டுக்காரரும் இப்போதுதான் இறங்கி வந்து, "கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க சார், தலை வலிக்குது" என்றார். அவரை மட்டும், "என் பொண்ணு வாசிப்புல என்னய்யா குறை கண்டீங்க?" என்று ஒரு பிடி பிடித்து அனுப்பிவிட்டேன்.