எட்டாம் துக்கம் வேலை தேடிப் போன கதை

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் யார் இறந்தாலும், இறந்தவருக்கு அடுத்தபடியாக அந்தச் செய்தி தெரிவது என் விடுதித் தோழனுக்குத்தான். லாபு ஊர்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருந்தது; நீலாய்க் கல்லூரி விடுதியில் அதை யாரும் உபயோகித்ததில்லை. இறந்த எட்டாம் நாள் செய்யும் சடங்கின் பெயரே அவனுக்கு நிலைத்துவிட்டது: எட்டாம் துக்கம். அவசரத்துக்கு ‘எட்டு’.

அவனிடம் இருந்தது ஒரே குரல், சாவு வீட்டுக் குரல். பரீட்சையில் தோற்றவனின் கையைப் பிடித்து, “மனச தேத்திக்கடா” என்பான். தேறியவனிடமும் அதையேதான் சொல்வான். வார்டன் மகளின் கல்யாணத்தில் மணப்பெண்ணின் தகப்பனைக் கட்டிக்கொண்டு, “என்னங்க செய்யறது, ஒரு நாளைக்கு எல்லாரும் போகத்தான வேணும்” என்று இவன் சொல்ல, அதுவரை தாக்குப்பிடித்த வார்டன் மேடையிலேயே விம்மி அழுதார். நாதஸ்வரக்காரர் பயந்துபோய் வாசிப்பை நிறுத்திவிட்டார்.

ஒரு விடுமுறைக்கு அவன் வீட்டுக்குப் போனபோதுதான் எனக்குக் காரணம் புரிந்தது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தன. கல்யாணமெல்லாம் சிரம்பான் நகர மண்டபங்களுக்குப் போய்விட்டது. தோட்டத்தை விட்டுப் போன சனம் திரும்பி வருவது சாவுக்கு மட்டும்தான். அவன் மனிதக் கூட்டத்தைப் பார்த்ததும் பேசப் பழகியதும் அந்தச் சாவு வீடுகளில்தான்.

கடைசி வருடம் வேலைப் பயிற்சிக்கு இடம் கிடைக்காவிட்டால் பட்டம் கிடையாது. கம்பெனி அதிகாரிகளோடு பழகிக்கொள்ளுங்கள் என்று எங்களை சிரம்பான் ஓட்டல் ஒன்றில் நடந்த சந்திப்புக்கு அனுப்பினார்கள். எங்கள் இருவருக்கும் அதுதான் முதல் முறை. “சிரிங்க, கை குடுங்க, உங்களப் பத்தி நாலு வார்த்த தைரியமா சொல்லுங்க” என்பது விரிவுரையாளரின் உபதேசம். தூறலில் எட்டின் மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினோம்.

உள்ளே குளிர்சாதனக் குளிர். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த மாதிரி ஒரு சிரிப்பு. கை சும்மா இருந்தால் மாட்டிக்கொள்வேன் என்று பயந்து நான் தட்டு நிறைய கரிப்பாப் பலகாரத்தை அடுக்கிக்கொண்டேன். எட்டோ வாசலில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் இரண்டு கையாலும் கை கொடுத்தான். தலையைக் குனிந்தான். யாரோ அவனை ஓட்டல் ஊழியன் என்று நினைத்துக் குடையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு வழியாக அவனை முதல் மேசைக்கு இழுத்துப் போனேன்.

“உங்களப் பத்திச் சொல்லுங்க” என்றார் அதிகாரி.

“சொல்றதுக்கு என்ன சார் இருக்கு” என்று எட்டு பெருமூச்சு விட்டான்.

அடுத்த மேசை அம்மையார், “ஜொகூர்ல புதுசா பிரான்ச் தொறக்கிறோம்” என்று பூரிப்போடு சொன்னார்.

“கவலப்படாதீங்க மேடம். எல்லாம் சரியாயிடும்.”

அம்மையாரின் சிரிப்பு மெல்ல வடிந்தது.

மூலையில் கடைசி மேசை. ஐம்பது வயதிருக்கும் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஏதோ தொழிற்சாலையின் அட்டை. இப்போது அவர் பக்கம் யாரும் இல்லை. எட்டு நேரே போய் அருகில் உட்கார்ந்தான்.

“சாப்டீங்களாண்ணே?”

அவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். “எங்க தம்பி எறங்குது” என்றார். “வீட்டுக்காரி போயி இன்னும் மாசம் ஆவல. லீவு முடிஞ்சிருச்சு, இங்க போன்னு அனுப்பிட்டாங்க. வந்தவன்லாம் வேல இருக்கான்னு கேட்டான். நீதான் சாப்டியான்னு கேட்ட.”

எட்டு நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்தான். அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அவர் மனைவியின் நோயை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்.

மற்ற மேசைகளைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். நான் ஓடிப்போய் எட்டின் காதில், “டேய், எல்லாரும் கெளம்புறாங்க. அவருகிட்ட இடம் இல்லையாம், நான் விசாரிச்சிட்டேன். வா லா!” என்றேன்.

“நீ போ ப்ரோ. இவர இப்படியே விட்டுட்டு எப்படி எந்திரிக்கிறது?”

கிளம்பிக்கொண்டிருந்த கணக்காய்வு நிறுவனக்காரரை வாசலில் மறித்துப் பேசினேன். எனக்கு இடம் கிடைத்தது. எட்டுக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பருவம் முழுக்க அலைந்தும் கிடைக்கவில்லை. நாங்கள் எல்லோரும் பெட்டி கட்டியபோது அவன் மட்டும் விடுதியில் தங்கினான். அவன் அப்பா, மகனின் பட்டமளிப்புக்கென்று தனக்கு வாங்கிய சட்டையை அலமாரியில் மடித்து வைத்தார். அதைப் போட அவர் இன்னும் ஒரு பருவம் காத்திருக்க வேண்டியதாயிற்று. எட்டு யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. ஊருக்கெல்லாம் ஆறுதல் சொன்னவனுக்கு என்ன சொல்வது என்று எங்களில் ஒருவனுக்கும் தெரியவில்லை.

இப்போது லுக்குட்டில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். நான் கோலாலம்பூரில். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் கூப்பிட்டு, அந்த வாரம் யார் யார் போனார்கள் என்று சொல்வான். பாதிப் பேரை எனக்குத் தெரியாது, ஆனாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். போன ஞாயிறு பொழுது சாயும்வரை அழைப்பு வரவில்லை. சோறு இறங்காமல் தட்டைத் தள்ளி வைத்தேன். நானே கூப்பிட்டேன்.

“போன்ல சார்ஜ் இல்லடா” என்றான் அதே குரலில். “ஏன் பதறுற? யாராச்சும் போயிட்டாங்களா?”

“இல்லடா. எல்லாரும் நல்லா இருக்காங்க” என்றேன்.

எல்லாரும் என்று சொன்னபோது நான் நினைத்தது அவன் ஒருவனைத்தான்.