நாசூக்கு தெரிந்த செயலி

மூன்றாவது கடிதத்தையும் அந்தக் கணினிச் செயலி ஒரு பிழையுமில்லாமல் வாசித்துவிட்டதும் மொய்ரா கின்கெய்டு முதல் வரியிலிருந்து மறுபடியும் சரிபார்க்க ஆரம்பித்தாள்.

பழைய கையெழுத்துகளை வாசிக்கக் கற்றுத்தருவது அவள் வேலை. இந்தத் தெற்குத் தீவில் அந்நாளில் கப்பலேறி வந்து குடியேறியவர்கள் காகிதத்தை மிச்சம்பிடிக்க, எழுதி முடித்த பக்கத்தையே திருப்பிவைத்து அதன்மேல் குறுக்காகவும் எழுதித் தொலைத்திருந்தார்கள். அந்தச் சிக்கலைப் பிரிக்கப் பல்கலைக்கழகத்தில் தன்னை விட்டால் ஆளில்லை என்பது அவள் நம்பிக்கை. இப்போது அவளுடைய வரலாற்றுத் துறையிலேயே இருக்கும் லாக்லன் டெய்ட், இதற்கெல்லாம் செயலி போதும் என்று கிளம்பியிருந்தார். இந்த மாதச் சோதனையில் அது தேறிவிட்டால் மொய்ராவின் வகுப்புக்கு மூடுவிழாதான்.

கடிதத்தைப் படம்பிடித்துக் கணினியில் ஏற்றினால் மறுநாள் வாசிப்பு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராது. அன்றைக்கு அது தன்னை உளவு பார்ப்பதாக மொய்ரா முடிவுகட்டினாள். கணினிப் பிரிவு சியோனேயிடம் விசாரித்தாள். அவன் வாயிலிருந்த சீஸ் ரோலை அவசரமாக விழுங்கினான்.

"என்னை இதுல இழுக்காதீங்க, மொய்ரா."

சந்தேகம் இரட்டிப்பானது. அவளே ஒரு பொய்க் கடிதம் தயாரித்தாள். தேநீரில் நனைத்த காகிதம், இடது கை, குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்கல். மறுநாள் அதுவும் அட்சரம் பிசகாமல் வந்து நின்றது. வயிற்றெரிச்சலில் அடுத்த கடிதத்தின் நடுவே, 'இவ்வூர் லாக்லனுக்குத் தாடி வளர்ந்த அளவுக்கு அறிவு வளரவில்லை' என்று ஒரு வரியைச் செருகினாள்.

வாசிப்பு வந்தது. அந்த ஒரு வரியைத் தவிர எல்லாம் இருந்தது.

துறைக் கூட்டத்தில் மொய்ரா கடிதம், வாசிப்பு இரண்டையும் மேசைமேல் வைத்து, செயலி ஆள் பார்த்து மறைக்கிறது என்றாள். லாக்லன் தாடியைத் தடவியபடி ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார். அவர் காது சிவந்திருந்தது.

கலைப் புலத் தலைவி பிலிப்பா அந்த வரியைப் படித்தாள்.

"இந்தக் கடிதத்தை எழுதினது யாரு?"

"நான்தான். சோதிக்கிறதுக்காக."

"வரலாறு சொல்லிக்கொடுக்கிற நீங்க பொய்க் கடிதம் எழுதுறீங்க. அது நாசூக்கா மறைச்சுக் காப்பாத்துது. மனுஷங்களுக்கே இந்தப் பக்குவம் இல்லையே."

கூட்டம் சிரித்தது. செயலியையே வைத்துக்கொள்வது, துறை அலமாரியிலிருக்கும் பழைய கடிதங்கள் மொத்தத்தையும் அதற்கே கொடுத்துவிடுவது, மொய்ராவின் வகுப்பை நிறுத்துவது என்று முடிவாயிற்று. லாக்லன் ஏனோ வெளிறிப்போனார்.

மொய்ரா தன் அறைக்குப் போய்ப் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். இருபது வருஷப் படிப்பு ஒரு பெட்டியில் அடங்கிவிட்டதே என்று அழுகை வந்தது. சியோனே வந்து கதவைச் சாத்தினான்.

"செயலி முதல் நாளே படுத்துடுச்சு, மொய்ரா. அன்னிலேர்ந்து லாக்லன்தான் பூதக்கண்ணாடியும் கையுமா உக்காந்து வாசிச்சு டைப் அடிக்கிறார். இப்போ அலமாரி மொத்தமும்னதும் ஆடிப்போயிட்டார். செயலியில இன்னும் ஒரு இடம் காலியா இருக்கு, நீங்க வருவீங்களான்னு கேட்டுட்டு வரச் சொன்னார்."