அவசரம் காக்காவின் நெற்றி

இந்தக் கரையோரத்தில் பிறந்த எவரும் அவசரம் காக்காவைப் போல அவசரப்பட்டதில்லை. கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் சல்லடை போட்டாலும் அப்படியொருவர் அகப்படமாட்டார். பிறக்கிறதுக்காவது பொறுமையாக இருந்தாரா என்று அவருடைய உம்மாவிடம் ஒருமுறை கேட்டேன்.

"எங்க பொறுத்த மகள்? எட்டாம் மாசமே வந்திட்டான்" என்றார்.

வாப்பா வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அடையாள அட்டையைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. ஊருக்கெல்லாம் அவர் காக்கா, அதாவது அண்ணன்; அவசரம் அவரே சம்பாதித்த பட்டம். தொழில் ஓட்டோ ஓட்டுவது. சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் வீடு. நான் கல்முனையில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். காலையும் பின்னேரமும் அவருடைய ஓட்டோதான் எனக்கு. காலையில் நான் செருப்பு மாட்டும்போதே வண்டி அசையத் தொடங்கிவிடும். ஒற்றைச் செருப்போடு பாடசாலைக்குப் போய் இறங்கிய ஆசிரியை இந்த மாவட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எனக்காவது செருப்புத்தான் போனது. ஒருநாள் கல்முனைச் சந்தையில் ஒரு மனிதர் "நிந்தவூருக்குப் போகணும்" என்று சொல்லி, மீன் பையைப் பின் இருக்கையில் வைத்திருக்கிறார். வைத்த பிறகு, மீனுக்குப் பிழிகிற தேசிக்காய் ஞாபகம் வந்து திரும்பவும் சந்தைக்குள் போய்விட்டார். வண்டியில் பாரம் ஏறியதை உணர்ந்த காக்கா புறப்பட்டார். நெல் விலையைப் பற்றியும் றோட்டுப் பள்ளங்களைப் பற்றியும் நிந்தவூர் வரைக்கும் பின்னால் இருந்தவரோடு கதைத்துக்கொண்டே போனார். இறங்கச் சொல்லித் திரும்பினால், பைக்குள்ளிருந்து பாரை மீன் ஒன்று வாயைத் திறந்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. காக்கா அசரவில்லை. விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்துப் பையைக் கொடுத்தார். "ஆள் பின்னால வாறார்" என்று அந்த வீட்டுப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அவர் எதற்காவது காத்திருப்பதென்றால் அது நோன்பு திறக்கும் பாங்குக்கு மட்டும்தான். அதுவும் பேரீச்சம்பழத்தை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு.

இப்படிப்பட்டவருக்கு நெற்றியில் ஊறல் வந்தது. வலது புருவத்துக்கு மேலே வட்டமாகச் சிவந்து, சொறியச் சொறிய ஊறியது. பார்மசியில் ஒரு ரியூப் கிறீம் கொடுத்து, காலையும் இரவும் மெல்லிசாகப் பூசினால் ஒரு கிழமையில் சுகமாகும் என்று சொன்னார்கள். காக்கா வண்டிக்குள் ஏறியதும் கணக்குப் போட்டார்.

"ரெண்டு தரம் பூசினா ஒரு கிழமை. அப்ப ஒவ்வொரு ஹயருக்கும் ஒருக்காப் பூசினா நாளைக்கு அஸர் தொழுகைக்குள்ள முடிஞ்சிரும். சரிதானே தங்கச்சி?"

நான் கணிதம் படிப்பிக்கிறவள். கணக்குச் சரிதான், மருந்துக்கு அந்தக் கணக்குத் தெரியாது என்றேன். அவர் அதற்குள் மூடியைத் திறந்துவிட்டார். ஆளை ஏற்றும்போது ஒரு பூச்சு, இறக்கும்போது ஒரு பூச்சு. ஊறல் போய்விட்டது. காக்கா விடவில்லை. அடுத்த ஊறலுக்கு இப்போதே பூசிவைப்பதாகச் சொன்னார். அந்த ரியூப் முடிய இன்னொன்று வாங்கினார். அதுவும் முடிந்தது.

ஊறலுக்குப் பின்னாலேயே நிறமும் போனது. காக்கா வெயிலில் ஓட்டோ ஓட்டிப் பதமான நல்ல கறுப்பு. அந்தக் கறுப்பில் வெளிறிய திட்டொன்று, பூட்டிக் கிடக்கும் கடைவரிசையில் ஒரு கடை மட்டும் லைட் போட்டதுபோலத் தெரிந்தது.

ஊர் சும்மா இருக்குமா? தேநீர்க் கடையில் ஒரு பெரியவர் கேட்டாராம்: "நெத்தியில தொழுத தழும்பு கறுப்பாத்தானே வாற? ஒனக்கேன் வெள்ளையா வந்திரிக்கி?"

பக்கத்தில் இருந்தவர் பதில் சொன்னார்: "அவசரமாத் தொழுதா அப்பிடித்தான்."

காக்காவும் சேர்ந்துதான் சிரித்தார். ஆனால் அன்று தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார் என்று கேள்வி.

அவருடைய மனைவி சுபைதா ராத்தாதான் அவரைத் தோல் டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். அங்கே நடந்ததை ராத்தா சொல்லக் கேட்க வேண்டும். டொக்டர் இளம்பெண். திட்டைப் பார்த்தார், வெறும் ரியூபை வாங்கிப் பார்த்தார்.

"இது நோயில்ல. இந்தக் கிறீமக் கூடுதலாப் பூசினதால நிறம் போயிரிக்கி. நிப்பாட்டினா திரும்பி வரும். ஆனா மாசக் கணக்காகும்."

"கெதியா வாறதுக்கு ஒரு பூச்சு எழுதித் தாங்க டொக்டர்."

"பூசினதாலதானே வந்தது? இனி ஒண்டும் பூச வேணாம். வெயில் படாமப் பாத்துக்கொள்ளுங்க. காத்திரிங்க."

"காத்திரிக்கிறதுக்கு விழுங்க ஏதும் குளிசை இரிக்கா?"

டொக்டர் பேனையை மூடிவிட்டு ராத்தாவைப் பார்த்தாராம். "கலியாணம் முடிச்ச நாளிலிருந்து நான் படுற பாட்ட அந்தப் புள்ள ஒரு நிமிசத்தில விளங்கிக்கொண்டா தங்கச்சி" என்றார் ராத்தா.

காக்கா காத்திருக்கத் தொடங்கினார். அவர் காத்திருந்த விதத்தில் நாங்கள் எல்லாரும் களைத்துப்போனோம். ஓட்டோவின் கண்ணாடியைத் தெருவிலிருந்து தன் நெற்றிக்குத் திருப்பிவைத்துக்கொண்டார். பின்னால் லொறி ஹோன் அடிக்கிறது, பார்த்து ஓட்டுங்கள் என்று ஒருநாள் பயந்துபோய்ச் சொன்னேன்.

"லொறி தெரியல்ல தங்கச்சி. ஆனா ஓரத்தில கொஞ்சம் கறுத்திரிக்கி, இல்லையா?"

கறுக்கவில்லை. அது முதல்நாள் பட்ட வண்டிக் கிறீஸ். இன்னொரு நாள் கடும் சாயத்தில் பிளேன்டீ ஊற்றி, பஞ்சில் தொட்டுத் திட்டின்மேல் ஒற்றியிருக்கிறார். நிறம் கொஞ்சம் பிடித்தது உண்மை. ஆனால் அவசரத்தில் சீனி போட்ட தேநீரை எடுத்துவிட்டார். மீன் சந்தைக்கு முன்னால் வண்டியை நிறுத்தியதும், கல்முனையின் ஈக்கள் எல்லாம் மீனை விட்டுவிட்டு அவரிடம் வந்தன.

இதுவரைக்கும் சிரிப்புத்தான். பிறகு நடந்தது சிரிப்பில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெண் தன் பிள்ளையோடு ஓட்டோவில் ஏறினார். காக்கா எங்கே போக வேண்டும் என்று கேட்கத் திரும்பினார். அந்தப் பெண் அவருடைய நெற்றியைப் பார்த்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, பின்னால் நின்ற ஓட்டோவில் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு வேறு சிலரும் அப்படிச் செய்தார்கள். ஓட்டோ ஸ்ராண்டில் காக்காவின் வண்டி முன்னால் நின்றாலும் ஆட்கள் அதைத் தாண்டிப் போனார்கள். "தொப்பியொண்டப் போட்டு இழுத்துவிட்டு ஓட்டுங்க" என்று ராத்தா கெஞ்சினார்.

"நான் என்ன களவா எடுத்த? மறைக்கிறதுக்கு?" என்றார் காக்கா. எதையும் ஒரு நொடி தாமதிக்காமல் சொல்லிவிடுகிற மனிதர், அதைச் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்தார்.

அந்த நாட்களில்தான் பவளக்கா வந்தார். எங்கள் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறவர், காரைதீவு ஊர். அவருடைய கை விரல்களிலும் வாயைச் சுற்றியும் வெண்புள்ளி உண்டு. பஸ்ஸில் வந்து போவார். பஸ் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் பவளக்காவுக்குப் பக்கத்து இருக்கை வெறுமையாகக் கிடக்கும். "வசதியா வந்தன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஒருநாள் பின்னேரம் பஸ் வரவில்லை. நான் அவரைக் காக்காவின் ஓட்டோவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

பவளக்கா ஏறி உட்கார்ந்தார். திரும்பிய காக்காவின் நெற்றியைப் பார்த்தார். பவளக்காவின் முகம் மலர்ந்ததை நான் பக்கத்திலிருந்து கண்டேன்.

"உங்களுக்குமா காக்கா? எப்ப தொடங்கினது?"

இது கிறீம் செய்த வேலை, கெதியில் போய்விடும் என்று வழியில் போகிறவர்களைக்கூட நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அவர். வாயைத் திறந்தார். கண்ணாடி வழியாகப் பவளக்காவின் கைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நீ பேசாமல் இரு என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

"கொஞ்ச நாளாத்தான் டீச்சர்" என்றார்.

"எனக்குக் கம்பஸ் படிச்சு முடிச்ச வருசம் விரல்ல தொடங்கினது. பயப்பிடாதீங்க. முதல் நாள் பாப்பாங்க. அடுத்த நாளும் பாப்பாங்க. மறுகா அவங்களுக்கு அலுத்திரும். எங்களுக்குத்தான் அலுக்கப்படாது."

'எங்களுக்கு' என்ற அந்தச் சொல்லில் காக்கா விழுந்துவிட்டார். அன்று அவர் ஓட்டிய வேகத்தில் சைக்கிள்கள் எங்களை முந்திப் போயின.

அடுத்த நாளிலிருந்து பவளக்காவும் நானும் அந்த ஓட்டோவில்தான். என்னைச் சாய்ந்தமருதில் இறக்கிவிட்டு அவரைக் காரைதீவுக்குக் கொண்டுபோவார். இரண்டு பேருக்கும் கதை ஓயாது. எந்தச் சவர்க்காரம் போட்டுக் குளித்தால் எரியும், வெயிலில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும், உற்றுப் பார்க்கிற ஆளை எப்படித் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று பவளக்கா சொல்லிக்கொடுப்பார். காக்கா அதைக் கவனமாகக் கேட்டு, அடுத்த நாள் ஸ்ராண்டில் செய்துபார்ப்பார். பவளக்கா ஏறுவதைப் பார்த்து வேறொரு ஓட்டோக்காரர் ஏதோ முணுமுணுத்தபோது, காக்கா இறங்கிப் போய் அவருக்கு முன்னால் நின்றார்.

"டீச்சரப் பத்திக் கதைக்கிறதெண்டா என்ட நெத்தியப் பாத்துக் கதை."

அந்த ஆள் பார்க்கவில்லை. கதைக்கவும் இல்லை.

ஒருநாள் காலையில் சுபைதா ராத்தா எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். நிறம் வருகிறதாம். ஓரத்திலிருந்து மெல்ல மெல்லக் கறுக்கிறதாம். அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

"ஓம். நெத்திக்கு நிறம் வருது. ஆனா மனிசன்ட முகத்தில களையில்ல. சோறும் ஒழுங்காத் தின்னல்ல. என்னெண்டு கேளுங்களன்."

கேட்டேன். காக்கா வண்டியை ஓரமாக நிறுத்தினார். நிறுத்தச் சொல்லாமலே அவர் வண்டியை நிறுத்தியதை அன்றுதான் பார்த்தேன்.

"டீச்சர்ட முகத்தில எப்பிடி முழிக்கிற தங்கச்சி? அவவ நடு வழியில இறக்கிவிட்டுட்டுப் போறமாதிரி இரிக்கி. வா வா எண்டு கூப்பிட்டப்ப வராத நிறம், இப்ப ஏன் இவ்வளவு அவசரப்படுது?"

அடுத்த கிழமை சந்தையில் ஒரு கிரிக்கெட் தொப்பி வாங்கினார். நிறம் போனபோது மறைக்காதவர், வந்தபோது மறைத்தார். புருவத்தைத் தாண்டிக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்குக்குக் கீழாகத் தெருவைப் பார்த்து ஓட்டினார். டொக்டர் வெயில் படக்கூடாது என்று சொன்னாராம். மழை பெய்துகொண்டிருந்தது.

பவளக்கா சில நாள் பொறுத்தார். ஒரு பின்னேரம் மாளிகைக்காட்டுச் சந்தியில் காக்கா ஒரு மாட்டில் மோதாமல் மயிரிழையில் தப்பியபோது அவருக்குப் போதும் என்றாகிவிட்டது. அன்று நானும் பவளக்காவின் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

"காக்கா, அந்தத் தொப்பியக் கழட்டுங்க. நாங்க மூண்டு பேரும் உசிரோட போய்ச் சேரணும்."

"இல்ல டீச்சர், வெயில்…"

"கழட்டுங்க எண்டன்."

வகுப்பில் அவர் பேசும் குரல் அது. காக்கா வண்டியை நிறுத்தித் தொப்பியை எடுத்தார். தலையைக் குனித்துக்கொண்டு இருந்தார். பவளக்கா முன்னால் சாய்ந்து பார்த்தார். திட்டு இருந்த இடம் தெரியாமல் மூடிக்கொண்டிருந்தது.

"நல்லா வந்திரிக்கு" என்றார். "இது மருந்தால போன நிறமெண்டு எனக்கு முதல் நாளே தெரியும். உங்கட ஓரம் மங்கலா இருந்திச்சு. எனக்கு வெட்டினமாதிரி இரிக்கும். இத்தின வருசமா நான் வேற எதைப் பாத்தன்?"

"தெரிஞ்சுமா டீச்சர் ஒண்டும் சொல்லல்ல?"

"நீங்க ஏன் சொல்லல்ல?"

பவளக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வயல் பக்கம் பார்த்தார்.

"எல்லாரும் எனக்கு ஆறுதல் சொல்லுவாங்க" என்றார். "நான் ஆறுதல் சொல்ல எனக்கொரு ஆள் கிடைச்சது அப்பதான். அதக் கெடுத்துக்கொள்ள மனம் வரயில்ல. சரி, வண்டிய எடுங்க."

காக்கா எடுத்தார். காரைதீவில் இறங்கும்போது பவளக்கா, நாளைக்கும் வருவீர்கள்தானே என்று கேட்டார். காக்கா தலையை ஆட்டினார்.

இப்போது பாடசாலை விடுமுறை. நேற்றுக் கல்முனைக்குப் போக வேண்டியிருந்தது. சாய்ந்தமருது பிரதான வீதியில் பஸ்ஸுக்கு நின்றேன். எதிர்ப்பக்கத்தில் அந்த ஓட்டோ காரைதீவுப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. முன்னால் காக்கா, பின்னால் சுபைதா ராத்தாவும் பவளக்காவும். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கதைத்துக்கொண்டிருந்தார்கள், யாரும் யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை. காக்கா என்னைக் கண்டு வண்டியை நிறுத்தினார்.

"ஏறுங்க தங்கச்சி, போற வழிதானே."

எனக்குப் போகிற வழி மறுபக்கம். வீதியைக் கடந்துபோய் ஏறிக்கொண்டேன்.