ஒரு பெட்டியையும் அழிக்க மாட்டேன்

கிளவுடு கம்பெனியில் ஆகாயத்தையே கட்டி ஆளும் என் தங்கை மகளுக்கு, ஆடுகிற நாற்காலிக்கு அட்டை மடித்து வைத்து உட்கார்ந்திருக்கும் தாய்மாமன் எழுதுவது. நானும் உன் அத்தையும் நலம். உன் கோபமும் நலமாக இருப்பதை நேற்று போனில் அறிந்தேன்.

"சாயங்காலத்துக்குள்ள என் கணக்குல நீங்க குவிச்ச கண்டெய்னர் பெட்டியை எல்லாம் அழிக்கலைன்னா உங்க சாவியை ரத்து பண்ணிடுவேன் மாமா" என்றாயே, பண்ணிப் பார். உன் கல்யாணப் படங்களைப் போட்டுவைக்க கிளவுடில் ஒரே பெட்டி போதும் என்று சொல்லி, உன் கணக்கின் சாவியை என்னிடம் கொடுத்தவள் நீ. உன் அம்மாவும் பெரியம்மாவும் ஒரே பெட்டியிலா? மண்டபத்தில் ஒரே சோபாவில் உட்காராதவர்கள். ஆகவே நிரல் எழுதினேன். பெட்டியைக் கையால் ஒவ்வொன்றாகத் திறப்பது குமாஸ்தா வேலை. நான் சக்கரவர்த்தி, ஆணையிட்டேன். தலைக்கு ஒரு பெட்டி, பேசிக்கொள்ளும் இருவருக்குப் பொதுவாக ஒரு பெட்டி. ஏற்கெனவே இருக்கிற பெயர் ஆகாது என்று இயந்திரம் அடம்பிடித்தது; பின்னால் ஓர் எண்ணைச் சேர்த்து மறுபடி கேள் என்று எழுதினேன், வாயை மூடிக்கொண்டது. வீட்டில் யாராவது முகத்தைத் திருப்பினால் நிரலை ஓட்டுவேன், திரும்பப் பேசினால் இன்னொரு தடவை ஓட்டுவேன். நம் வீட்டு முகங்கள் மின்விசிறி மாதிரி சுற்றுவது என் குற்றமா? எதிர்வீட்டுத் தையல்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், ஊருக்கே பெட்டி செய்றீங்களா?" என்றார். "ஊரு சின்னதுங்க" என்றேன். இனி நிலா மங்கலாகத் தெரிந்தால் அது என் பெட்டிகளின் நிழல் என்று கொள்க.

இவற்றை அழித்தால் படங்கள் கலக்கும், அக்காவும் தங்கையும் முட்டிக்கொள்வார்கள், உன் அம்மா மூட்டை கட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வருவாள். யோசித்துக்கொள். சாவியில் கை வைத்தால் உன் ஆபீஸ் வாசலில், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் எதுவுமே சாப்பிடாமல் போராடுவேன்.

நீயும் மாப்பிள்ளையும் பாஸ்வேர்டு மறக்காமல் நூறாண்டு வாழ வாழ்த்தும்,
அடங்காத மாமன்.

பி.கு.: உறையை ஒட்டும்போது உன் அத்தை இதை வாங்கிப் படித்தாள். "நீங்க செஞ்சது எல்லாமே காலிப் பெட்டிங்க. படத்தை உள்ள போடுன்னு எங்கயுமே எழுதலையே. நான் அன்னிக்கே தனியா ஒண்ணைத் திறந்து எல்லாத்தையும் போட்டு, எல்லாருக்கும் அனுப்பிட்டேன்" என்றாள். உன் அம்மாவும் பெரியம்மாவும் அந்த ஒரே பெட்டியைத்தான் பார்க்கிறார்களாம். மண்டபத்தில் நான் வாயைப் பிளந்து தூங்கும் படத்தைப் பார்த்துவிட்டு, ஒருத்தியை ஒருத்தி போனில் கூப்பிட்டுச் சிரிக்கிறார்களாம். எனவே என் பெட்டிகளை அழித்துவிடு. ஒன்றை மட்டும் விட்டுவை. அவர்கள் இருவரோடும் இனி எனக்குப் பேச்சு கிடையாது. எனக்குத் தனிப் பெட்டி வேண்டும்.