நல்லுசாமி எஞ்சினுக்கு மெருகேற்றினார்

இந்த ஞாயிற்றுக்கிழமையோடு ஸ்கூட்டர் பேச்சை ஒழித்துக்கட்டிவிடுவது என்று நல்லுசாமி முடிவெடுத்தார்.

ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அவருக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. உருப்படியில் மயிரிழைக் கோடு விழுந்திருந்தாலும் தூக்கிக் கடாசிவிடுவார். ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய தன் பைக்கை மட்டும் அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. பாசத்தால்தான் பார்த்திருக்கிறார். அதன் எஞ்சின் மூடி பழுப்பேறி, டீக்கடை பாய்லர் மாதிரி இருந்தது.

மனைவி முத்துமணிக்கு அந்த வண்டிமேல் பகை ஒன்றும் கிடையாது. அவளும் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகிறவள். இவர் ஷிஃப்ட் முடிந்து வந்து ஏற்றிக்கொள்ளும்வரை பாகலூர் ரோட்டில், லாரிப் புழுதியில், சாப்பாட்டுப் பையோடு நிற்க வேண்டும். கியர் வண்டி அவளுக்கு ஓட்ட வராது. இதைக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டர் வாங்கினால் அவள் பாட்டுக்குப் போவாள், வருவாள். நியாயமான பேச்சு. நியாயமாக இருந்ததுதான் நல்லுசாமிக்கு உதைத்தது.

"பழசு பழசுங்கறியே, சாயங்காலம் வந்து பாரு. எஞ்சின் மூடியில உன் மூஞ்சி தெரியும்" என்றார்.

"என் மூஞ்சி கண்ணாடியிலயே தெரியுதுங்க."

"உள்ள இருக்கறது சுத்தமான அலுமினியம், புள்ள! மேல அடிச்ச வார்னிஷ்தான் மஞ்சளாப் போச்சு. அதை உரிச்சுட்டுத் தேய்ச்சா வெள்ளி மாதிரி வரும்."

"வந்துட்டா?"

"அப்புறம் ஸ்கூட்டர்னு நீ வாயைத் தொறக்கக் கூடாது."

முத்துமணி கொஞ்சம் யோசித்தாள். "சரி, தொறக்கல."

இவ்வளவு சுலபமாக ஜெயித்துப் பழக்கமில்லாத மனிதர் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

பெயிண்ட் ரிமூவரைத் தடவி வார்னிஷை உரித்தார். தண்ணீர் தொட்டுத் தொட்டு எமரித் தாளால் தேய்த்தார். முதலில் முரட்டுத் தாள், அப்புறம் நைஸ் தாள், அதற்கப்புறம் அதைவிட நைஸ். கடைசியில் பாலிஷ் பேஸ்ட். துணி கருகருவென்று ஆனது.

"என்னங்க, இப்படிக் கரி வருது?"

"கரியா? தேய்ஞ்ச அலுமினியம் அது. கறுப்பா வந்தாத்தான் வேலை நடக்குதுன்னு அர்த்தம்."

"அப்படின்னா உங்க மூக்கு மேல நெறைய வேலை நடந்திருக்குது."

கிண்டல் செய்தாலும் டீ கொடுத்தாள். அவருடைய பழைய பனியனைக் கிழித்துத் துணி கொடுத்தாள். "அந்தப் பக்கத்து மூடியை விட்டுட்டீங்களே" என்றாள். "சக்கரத்து நடுவுல இருக்கறதும் அலுமினியம்தானே?" என்றாள். பெண்டாட்டி மனசு மாறுகிறது என்று நல்லுசாமிக்கு ஒரே குஷி. இடுப்பு விட்டுப்போனது தெரியாமல் தேய்த்தார்.

மூன்று மணி வாக்கில் வண்டி தகதகத்தது. மூடியில் அவர் முகம் தெரிந்தது. பூசணிக்காய் அகலத்தில்தான் தெரிந்தது, ஆனாலும் தெரிந்தது!

முத்துமணி போனை எடுத்து வந்தாள். "கொஞ்சம் தள்ளுங்க, உங்க நிழல் விழுது" என்று சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள். சொந்தக்காரர்களுக்கு அனுப்பப் போகிறாள் என்று நினைத்து, நல்லுசாமி ஹேண்டில்பாரை அழகாகத் திருப்பிக்கூட வைத்தார்.

அவர் குளித்துவிட்டு வரும்போது வாசலில் ஒரு புதிய மனிதர் குத்துக்காலிட்டு எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவரு கங்கப்பன் அண்ணன்" என்றாள் முத்துமணி. "எங்க கம்பெனி மாதேஸ்வரனோட மாமா. ஜவளகிரியில ரோஜாத் தோட்டம். இங்க மார்க்கெட்டுக்கு வந்தவரு, போட்டோவைப் பார்த்துட்டு வண்டியை நேர்ல பாக்கணும்னு வந்திருக்காரு."

"சென்னாகிதெ சார், சென்னாகிதெ!" என்று கங்கப்பன் எழுந்து கையைப் பிடித்தார். "ஷோரூம்ல கூட இந்த மின்னு மின்னாது!"

கன்னடத்திலும் தமிழிலும் சேர்த்துப் பாராட்டினால் மனுஷன் என்னதான் செய்வான்? நல்லுசாமி உப்பிப்போனார்.

"எஞ்சின் எறக்கியிருக்கீங்களா சார்?"

"இதுல ஸ்பேனர் பட்டதே கிடையாது!"

"தளி மேடு ஏறுமா?"

"மேடா? ரெண்டு பேரை வெச்சுக்கிட்டு மூணாவது கியர்ல ஏறும்."

"ஆயில் குடிக்குதா?"

"இதுக்கும் சரி, எனக்கும் சரி, குடிக்கிற பழக்கமே இல்ல."

"அப்ப கொறைன்னு ஒண்ணும் இல்ல?"

"இந்த வண்டியில கொறை சொல்றவன் நாக்கு அழுகிப்போயிரும்!"

"சரி சார். எனக்கு ஒப்பிகெ, சம்மதம்" என்ற கங்கப்பன், சட்டைக்குள்ளிருந்து ஒரு கவரை எடுத்து முத்துமணியிடம் நீட்டினார்.

"என்னது அது?" என்றார் நல்லுசாமி.

"அட்வான்ஸுங்க."

நல்லுசாமி மனைவியைக் கதவுக்குப் பின்னால் இழுத்தார். "வாயைத் தொறக்க மாட்டேன்னு சொன்னியே!"

"தொறந்தேனா? போட்டோதான் அனுப்பினேன். இவ்வளவு நேரம் பேசினது பூரா நீங்க."

ஆனாலும் நல்லுசாமி அத்தனை லேசில் விடுகிற ஆள் அல்ல. திரும்பி வந்து கங்கப்பனின் தோளில் உரிமையோடு கை போட்டார்.

"அண்ணா, ஒரு உண்மையைச் சொல்லிடறேன். இந்தப் பளபளப்பு நிக்காது. மேல இருந்த வார்னிஷை நானே உரிச்சுட்டேன். இப்ப இருக்கறது வெறும் அலுமினியம். நாலு மழை பட்டாப் போதும், மங்கிடும். மாசாமாசம் உட்கார்ந்து இடுப்பு ஒடியத் தேய்க்கணும். தோட்ட வேலையில உங்களுக்கு அதுக்கெல்லாம் ஏது நேரம்?"

கங்கப்பன் முகம் வாடியது. வண்டியைப் பார்த்தார், முத்துமணி கையிலிருந்த கவரைப் பார்த்தார். அவர் கை மெல்லக் கவரை நோக்கி நீண்டது.

முத்துமணி கவரை முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னாள்:

"அதுக்கென்னங்கண்ணா, மாசாமாசம் ஒரு ஞாயித்துக்கிழமை இவரே வந்து தேய்ச்சுக் குடுத்துடுவாரு. ஜவளகிரிக்குத்தான் பஸ் இருக்குதே!"