ரைட்டருக்கு ரத்தம் இல்லாமல் போன நாள்

நாற்பது வருடம் பிறர் ரத்தத்தைப் பார்த்தே சோறு தின்றவன் நான். அதில் ஒரே ஒருவருடைய ரத்தத்தை மட்டும் முழுசாகக் காணாமல் போக்கியிருக்கிறேன். என் கெட்ட நேரம், அவருடைய மகளைத்தான் பெண் கேட்டிருந்தேன்.

எழுபதுகளின் கடைசி. ஏற்காட்டில் ஒரு சின்ன மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன் வேலை. (லேப் என்றால், மருந்து அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஒரு மேஜை.) நான் பெண் கேட்டிருந்த சரோஜாவின் அப்பா, செம்மநத்தம் காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர், மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார். என் வாடகை அறையில் பார்ப்பதற்கு ஒரு பாயும் ஒரு வாளியும்தான். ஆகவே லேபுக்குக் கூட்டிப் போனேன்.

“ஏனுங்க தம்பி, ரத்தத்துல அப்படி என்னதான் பாக்கறீங்க?”

எனக்கு இது போதாதா? சிவப்பணு என்பது, நடுவில் அமுக்கிவிட்டு ஓட்டை போட மறந்த உளுந்து வடை மாதிரி என்றேன். அந்த வடிவத்தால்தான் தன்னைவிடக் குறுகலான குழாயிலும் வளைந்து நெளிந்து நுழையும். வளர்ந்ததும் உட்கருவை வெளியே தள்ளிவிட்டு, அந்த இடத்திலும் ஹீமோகுளோபினை நிரப்பிக்கொண்டு, நூற்றிருபது நாள் பிராணவாயு சுமக்கும். (மூளையைக் கழற்றி வைத்துவிட்டு வேலை பார்ப்பது. அன்று நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.)

“உங்க ரத்தத்தையே காட்டறேனுங்க மாமா” என்று விரலில் குத்தி, ஒரு சொட்டைச் சலைனில் கலந்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன்.

ஒன்றுமில்லை. வெறும் வெளிச்சம். திருகைத் திருகினேன், கண்ணாடியைத் துடைத்தேன், என் கண்ணையும் துடைத்தேன்.

“ஒரு அணுகூட இல்லீங்களே” என்று என் வாயே சொல்லிவிட்டது.

ரைட்டர் எண்பது கிலோ இருப்பார். தன் விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நேரே போய் பஸ் ஏறிவிட்டார்.

காரணம் மறுநாள் காலையில்தான் உறைத்தது. பாட்டிலில் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றி, முறைப்படி முதலில் உப்புநீருக்கான ‘சலைன்’ சீட்டை ஒட்டியிருந்தேன். உப்பு போடுவதற்குள் அவர் வந்துவிட்டார். வெறும் தண்ணீரில் விழுந்த சிவப்பணு, அதைக் குடித்துக் குடித்து ஊதி வெடித்துவிடும். ரைட்டரின் வடைகள் அத்தனையையும் வெடிக்க வைத்தவன் நான்தான்.

மைக்ரோஸ்கோப்பைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு செம்மநத்தம் பஸ்ஸில் போனேன். (வெளியே எடுத்துப் போகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். காரணம்: ‘அவசர நோயாளி’.)

நோயாளி உண்மையிலேயே படுத்திருந்தார். தலைமாட்டில் ஆட்டு ஈரல், முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம்.

“ரத்தமில்லாத மனுசன எப்படிங்க சம்பந்தம் பேச எழுப்பறது? வேற ஊடு பாத்துக்கங்க” என்றார் சரோஜாவின் அம்மா.

“ரத்தம் இருக்குதுங்க அத்தை. நான்தான் உப்பு போடல. கொஞ்சம் உப்பு குடுங்க.”

தராசு இல்லை. ஆறிய வெந்நீர் ஒரு டம்ளரில் ஒரு கரண்டி உப்பைக் கலந்தேன். இரண்டாவது விரல். இந்த முறை அணுக்கள் இருந்தன. ஆனால் உப்பு மிஞ்சியதில் உள்ளிருந்த நீரை இழந்து, சுருங்கி, உடம்பெல்லாம் முள்ளாக நின்றன. ரைட்டர் எட்டிப் பார்த்தார்.

“வடைன்னீங்க. ஊமத்தங்காயா இருக்குது” என்று சொல்லி மறுபடி படுத்துவிட்டார்.

கதவோரம் நின்றிருந்த சரோஜா வந்து டம்ளரை வாங்கி, நாக்கில் ஒரு சொட்டு வைத்தாள்.

“நொம்பக் கரிக்குதுங்க. இது கருவாட்டுக்குத்தான் ஆகும்.”

கொட்டிவிட்டு வேறு தண்ணீர் எடுத்தாள். சிட்டிகை சிட்டிகையாக உப்பு போட்டுக் கலக்கி மறுபடி ருசி பார்த்தாள். “இப்பக் கஞ்சிக்குச் சரியா இருக்குது. அப்பா, விரலக் குடுங்க.”

மூன்றாவது விரல். வட்ட வட்டமாக, நடுவில் அமுங்கி, கூட்டம் கூட்டமாக மிதந்தன. ரைட்டர் கால் மணி நேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு நிமிர்ந்து, ஈரல் தட்டை என் பக்கம் தள்ளினார்.

“சாப்பிடுங்க மாப்ள. வெளுத்துப் போயிருக்கறது நீங்கதான்.”

எங்கள் வீட்டில் உப்பு ஜாடியைத் தொட எனக்கு இன்றுவரை அனுமதியில்லை. ஆனாலும் சாம்பாரில் உப்பு குறைந்தால், சமைத்தது யாராக இருந்தாலும், எல்லாத் தலையும் என் பக்கம்தான் திரும்பும். பேத்தி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வாள்:

“தாத்தா, சிவப்பணு வெடிச்சிருச்சு.”