ஓடாவியின் சாக்பீஸ் கோடு

உலகத்தில் இதுவரை பிறந்த சந்தேகக்காரர்கள் அனைவரையும் வரிசையில் நிறுத்தினால், காரைக்கால்மேட்டு ஓடாவி முதல் ஆளாக நிற்கமாட்டார். வரிசை நேராக இருக்கிறதா, இடையில் யாராவது புகுந்துவிட்டார்களா என்று கடைசியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

படகு கட்டும் தச்சரைக் கடற்கரையில் ஓடாவி என்பார்கள். அவருக்கென்று ஒரு பெயரும் இருந்திருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பார்த்தால் தெரியும். அந்தப் பட்டியலை அவரே நம்பாததால் நானும் பார்க்கவில்லை.

ஒருமுறை ஊரில் மருத்துவ முகாம் நடந்தது. ரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டச் சொன்னார் இளம் மருத்துவர்.

"மொதல்ல உங்களுக்குப் பாருங்க டாக்டர். மிஷினு சரியா இருக்கான்னு தெரியணும்ல."

பின்னால் கூட்டம் முண்டியது. வேறு வழியின்றி மருத்துவர் பட்டையைத் தன் கையிலேயே சுற்றிக்கொண்டார். அவருக்குத்தான் அழுத்தம் அதிகமாக இருந்தது. "கருவாட்டக் கொறைச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டு, தன் கையை நீட்டாமலே ஓடாவி கிளம்பிவிட்டார்.

தொழிலிலும் அப்படித்தான். மரமோ ஃபைபரோ, புதுப்படகை அவர் நேராகக் கடலில் இறக்கியதே இல்லை. கரையில் முட்டுக் கொடுத்து நிறுத்தி, படகுக்குள் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்புவார். பிறகு மூன்று நாள் வெளிப்பக்கத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். எங்கே ஈரம் கசிகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. உள்ளிருக்கும் தண்ணீர் வெளியே வந்தால், வெளியிலிருக்கும் கடலும் உள்ளே வரும் என்பது அவருடைய கணக்கு.

"ஓடாவியாரே, இத கடலுக்குக் கொண்டுபோறதா, இதுல எறங்கிக் குளிக்கிறதா?" என்று படகுக்காரர்கள் கேட்பார்கள்.

"பொறுடா. அங்க போயி நீ நீந்தறதுக்குப் பதிலா இங்க நான் சுத்திட்டுப் போறேன்."

அவர் கட்டிய படகில் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். அந்த ஒரே காரணத்துக்காக ஊர் அவரைப் பஞ்சாயத்துத் தலைவராக்கியது. அன்றைக்கும் அவர், கை தூக்கியவர்களை இரண்டாம் முறை தூக்கச் சொல்லி, முதலில் இல்லாத இரண்டு கைகள் இப்போது எங்கிருந்து முளைத்தன என்று விசாரித்தாராம்.

தலைவரான பிறகு மனிதர்களுக்கும் தண்ணீர் நிரப்பத் தொடங்கினார். ஒருவரிடம் ஒரு ரகசியத்தைச் சொல்வார். அது பெரும்பாலும் பொய்யாக இருக்கும். ஆளுக்கு ஒரு ரகசியம் என்பதால், எது எங்கே கேட்கிறதோ அதை வைத்து ஆளைப் பிடித்துவிடுவார். மறுநாள் காலை அந்த ஆளின் கதவிலோ வண்டியிலோ சாக்பீஸ் கோடு இருக்கும்.

ஐஸ் கட்டிக் கிடங்கின் எழுத்தரிடம், மண்டபத்தூருக்கு ஓர் அமைச்சர் யாருக்கும் தெரியாமல் வரப்போகிறார் என்றார். மதியத்துக்குள் மண்டபத்தூரில் வாழைமரம் கட்டிவிட்டார்கள். பூவத்திலிருக்கும் தன் மாப்பிள்ளையிடம், இடது கண் சரியாகத் தெரியவில்லை என்றார். நான்கே நாளில் ஊரே அவருடைய வலப்பக்கத்தில் வந்து நின்று பேச ஆரம்பித்தது. தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை, பலகாரப் பையுடன் தானாகவே வலப்பக்கம் போய் நின்றார்.

"இந்தப் பக்கம் வாங்க மாப்ள. இந்தக் கண்ணுலதான் நீங்க நல்லாத் தெரியறீங்க," என்றாராம் ஓடாவி.

இந்த விவரங்கள் எதுவும் தெரியாமல்தான் நான் அங்கே போனேன். சமூகப்பணியில் பட்டம் பெற்று, காரைக்காலில் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்திருந்த காலம். ஊரில் கருவாடு போடும் பெண்களுக்கு மீன் காயவைக்க இடமில்லை. மணலில் போட்டால் நாய். சாலையோரம் போட்டால் லாரிச் சக்கரம். அவர்களை முன்னின்று நடத்திய அஞ்சலையம்மா, "ஐப்பசி மழைக்குள்ள ஒரு களம் கெடைக்கலன்னா இந்த வருசமும் பாதி மீன் புழுவுக்குத்தான் பாப்பா," என்று சொல்லியிருந்தார். மேடான இடம் ஒன்றே ஒன்று: படகுப் பட்டறைக்குப் பக்கத்திலிருந்த ஊர்த் திடல். களம் கட்டிக் கொடுக்க எங்கள் நிறுவனம் தயார். திடலைக் கொடுக்க வேண்டியவர் ஓடாவி.

என் அடையாள அட்டையை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். அதிலிருந்த எண்ணுக்குப் போன் செய்தார். நான் அங்கேதான் வேலை செய்கிறேன் என்று எங்கள் மேலாளர் உறுதி சொன்னார்.

"சரிம்மா. இப்ப பேசினது உங்க மேனேஜர்தான்னு யாரு சொல்றது?"

"அவரே சொன்னாரேங்க ஐயா."

"அவரு சொல்லுவாரு."

நான்கு மாதம் நடந்தேன். ஒவ்வொரு முறையும், "பாக்கலாம்," என்பார். ஐந்தாம் மாதம் ஒருநாள் திடலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. கறுப்புக் கண்ணாடி அணிந்த ஒருவர் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்திருந்தார். மறுமுனை ஓடாவியின் கையில் இருந்தது. சந்தேகம் அவருடைய தனிச்சொத்து என்று நினைத்திருந்தேன். அன்று எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

மறுநாள் அவரே என்னைக் கூப்பிட்டார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஒங்கிட்ட மட்டும் சொல்றேன். திடல ஓட்டல் கட்டறவனுக்குக் குடுக்கப்போறேன். ஒருத்தருக்கும் தெரியக்கூடாது," என்றார்.

ஒரு தாளை இரண்டாக மடித்தேன். சொன்னால் வரும் விளைவுகள் இடப்பக்கம், சொல்லாவிட்டால் வருபவை வலப்பக்கம். சொன்னால் தலைவரின் நம்பிக்கை போகும். அந்த ஊரில் இனி எந்த வேலையும் நடக்காது. சொல்லாவிட்டால் பெண்களுக்குத் தெரியும்போது கட்டடமே எழுந்திருக்கும். இரண்டு நாள் எழுதி, தாள் நிறைந்த பிறகு, அஞ்சலையம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவரிடம் மட்டும்.

அடுத்த நாள் விடிந்தபோது திடல் முழுவதும் மீன் கூடைகளும் பெண்களும். "மொதல்ல எங்களக் காயவச்சிட்டு அப்பறம் ஓட்டல் கட்டட்டும்," என்று நடுவில் அமர்ந்திருந்தார் அஞ்சலையம்மா. ஓடாவி வந்தார். கோபப்படவில்லை. நேராக என் ஸ்கூட்டியிடம் நடந்து, சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, முன்பக்கத்தில் நிதானமாக ஒரு கோடு இழுத்தார்.

கூடையில் கைவைத்தபடி அஞ்சலையம்மா, "அடி ஆத்தி, ஒனக்கும் தண்ணி ஊத்திட்டாரா?" என்றார். சாக்பீஸின் வரலாறு முழுவதும் எனக்கு அப்போதுதான் சொல்லப்பட்டது.

எனக்கு வந்த கோபத்தில் நேராக அவர் முன்னால் போய் நின்றேன். "ஆமாங்க ஐயா, நான்தான் சொன்னேன். திரும்பவும் சொல்லுவேன்."

"சொன்னது தெரியுது. எத்தன எடத்துல?"

"ஒரே எடத்துல. அஞ்சலையம்மாகிட்ட."

"ஒங்க ஆபீசுல?"

"இல்லைங்க."

"அந்தக் கார்க்காரன்கிட்ட?"

"அவர் பேருகூட எனக்குத் தெரியாதுங்க."

மூன்று இடத்திலும் அவர் ஏற்கெனவே விசாரித்துவிட்டார் என்பது பிறகு தெரிந்தது. கார்க்காரருக்கும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். அவரிடம் சொன்ன ரகசியம் வேறு: பெண்கள் திடலை விட்டுப் போகச் சம்மதித்துவிட்டார்கள், ஆனால் பஞ்சாயத்து கூடும்வரை அது வெளியே தெரியக்கூடாது. அன்று மதியமே இரண்டு லாரிகளில் செம்மண் வந்து திடல் முனையில் நின்றது. ஓடாவி இரண்டு லாரிகளுக்கும் கோடு போட்டு அனுப்பிவைத்தார்.

மாலையில் பஞ்சாயத்து கூடியது. "திடல் கருவாடு போடறவங்களுக்கு," என்றார். அவ்வளவுதான். "அப்ப ஓட்டலு?" என்று யாரோ கேட்க, "எந்த ஓட்டலு?" என்று அவரையே சந்தேகமாகப் பார்த்தார்.

எழுந்து போகும்போது என் பக்கம் திரும்பி, "கசிஞ்சிருக்க. ஆனா மீனுக்காரிங்க பக்கமாக் கசிஞ்சிருக்க. போ," என்றார். அது பாராட்டா குற்றச்சாட்டா என்று பிரித்துப் பார்க்க எனக்கு இன்னொரு தாள் தேவைப்பட்டது.

களம் மழைக்கு முன்பே முடிந்தது. திறப்பு விழாவுக்கு வந்த ஓடாவி, ரிப்பனை வெட்டுவதற்கு முன் புதுச் சிமெண்டின் மேல் நான்கு குடம் தண்ணீரை ஊற்றச் சொன்னார். தென்கிழக்கு மூலையில் தண்ணீர் தேங்கியது. அங்கே ஒரு கோடு. கொத்தனார் மூலையைச் சரிசெய்து முடிக்கும்வரை, மாலையும் கையுமாக எல்லோரும் வெயிலில் நின்றோம். அந்த ஐப்பசியில் அஞ்சலையம்மாவின் மீனில் புழு வைக்கவில்லை.

அந்த ஊரில் என் வேலை முடிந்து விடைபெறப் போனபோது, ஓடாவி ஒரு படகைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். சுற்றுவதை நிறுத்தாமலே சொன்னார்: "நான் நம்புற ஆளு நீ ஒருத்திதான். யார்கிட்டயும் சொல்லிடாத."

யாரிடமும் சொல்லவில்லை. ஆறு வருடம் அதை நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்தேன்.

போன மாதம் அஞ்சலையம்மாவைக் களத்தில் பார்த்தேன். பேச்சு ஓடாவியிடம் போனது. அஞ்சலையம்மா குரலைத் தாழ்த்தி, "எங்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்லிருக்காரு பாப்பா. என்னன்னு கேக்காத, சொல்லமாட்டேன்," என்றார். முகத்தில் அப்படியொரு பெருமை. ஐஸ் கிடங்கு எழுத்தரை விசாரித்தேன். அவரிடமும் ஒரு ரகசியம் இருக்கிறதாம். உயிரே போனாலும் வெளியே வராதாம். சொல்லும்போது அவருக்கும் அதே முகம்.

எல்லோரிடமும் அந்த ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லியிருப்பார் என்று எனக்குச் சந்தேகம். உறுதிப்படுத்திக்கொள்ள வழியில்லை. ஊர் முழுவதும் நிரப்பியும், அது ஒன்று மட்டும் எங்கும் கசியவில்லை.

இன்று வரை. இதோ, இங்கே நானே எழுதிவிட்டேன். இந்தப் பத்திரிகை அவருடைய பட்டறைக்கும் போகிறது. செய்திகளைச் சரிபார்ப்பதற்காக ஒவ்வொரு வரியையும் படிக்கிறார் என்று கேள்வி. இந்த இதழ் வெளிவரும் வாரம் முழுவதும், ஸ்கூட்டியை உள்ளே ஏற்றாமல் தெருவிலேயே நிறுத்தி வைக்கப்போகிறேன்.